திரையோரம் நின்று நான் மாற்றிச் சொன்னவை

மகனுக்கு,

உனக்கு என் ஸலாம். உடம்பு சௌகரியம்தான். மனசைப் பற்றித் தனியாகக் கேட்கவேண்டாம், கடிதம் முழுக்க அதுதான் இருக்கப்போகிறது. நீ எழுதியது வந்து ஒன்பது நாள் ஆகிறது. உன் தோல் கம்பெனியின் நீலக் காகிதத்தில் நாலே வரி. தன் தங்கச்சி கல்யாணத்துக்கென்று மயிலாப்பூருக்கு வந்த உன் பெண்டாட்டி ஸபியா, இனி பம்பாய்க்கு வரமாட்டேன் என்று எழுதிவிட்டாள், காரணம் சொல்லவில்லை, நான் அவள் தாய்வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிக் கூட்டிவரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில், "நீ பேசினால் இறங்கிவராதவர்கள் உண்டா அம்மா?" என்று ஒரு வரி. பத்து வருஷம் முந்தி என்றால் அந்த வரியைப் படித்துவிட்டுத் தெருவில் நாலு பேரிடம் காட்டியிருப்பேன். இப்போது அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தைக் குர்ஆன் வைக்கும் அலமாரியில் வைக்கக்கூட மனசு வராமல், தையல் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

நீ கேட்டதை நான் செய்யப்போவதில்லை. ஏன் என்று சொல்லவேண்டுமானால், நீ என்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கும் சில விஷயங்களை நானே கெடுத்தாகவேண்டும். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்கவேண்டாம். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். திருவல்லிக்கேணியில் என்னைப் புகழ்ந்த ஜமாஅத்துக்காரர்கள் கையிலேயே கிடைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நம் தெருவில் புருஷன் பெண்டாட்டி தகராறு முற்றினால் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும். பள்ளிவாசலுக்குப் பெண்கள் வரமாட்டார்கள் என்பதால் விசாரணை நம் வீட்டு முன்கூடத்தில்தான். உன் அத்தாவோடு இன்னும் நாலு பெரியவர்கள் பாயில் உட்காருவார்கள். புருஷன் அவர்கள் எதிரில் உட்காருவான். பெண்டாட்டி உள்ளறையில் இருப்பாள். நடுவில் வாசல்படியில் அந்தப் பச்சைத் திரை. அந்நிய ஆண்கள் இருக்கும் கூடத்தில் அவள் குரல் கேட்கக்கூடாது என்பது வழக்கம். ஆகவே அவள் சொல்வதைக் கேட்டு வந்து ஆண்களிடம் சொல்லவும், ஆண்கள் சொல்வதை அவளிடம் கொண்டுபோகவும் வயது வந்த ஒருத்தி வேண்டும். இருபது வருஷத்துக்கும் மேல் அந்த ஒருத்தி நான்தான். திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு காது வெளியே ஒரு காதாக நின்றிருக்கிறேன்.

நான் தொட்ட வழக்கு எதிலும் தலாக் ஆனதில்லை என்று உன் அத்தா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எப்படி ஆகும்? உள்ளே இருப்பவள், "அந்தாளு மூஞ்சில முழிக்கச் சொல்லாதீங்க, மிதிக்கிறாரு" என்பாள். நான் திரையை விலக்கி, "அவருக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாம், குறைச்சுக்கிட்டா வரேங்கிறா" என்பேன். வெளியே இருப்பவன், "அவ எங்கனா போய்த் தொலையட்டும், எனக்கு இன்னா" என்பான். நான் உள்ளே போய், "நீ போனதுலேருந்து சரியாச் சாப்பிடறதில்லையாம்மா, ஆளே எளச்சுட்டாரு" என்பேன். அவள் அழுவாள். அழுதால் பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ரிக்ஷா வந்து வாசலில் நிற்கும், இரண்டு பேரும் ஏறிப்போவார்கள். பெரியவர்கள் டீ குடித்துவிட்டு, "உங்க வீட்டம்மா நாக்குல தேனுதான்" என்று உன் அத்தாவிடம் சொல்வார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுச் சிரித்துக்கொள்வேன். நான் பொய் சொல்கிறேன் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுகிற மாதிரி ஒரு நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன்.

உன் அத்தா போய், நான் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆண்களின் வீடுகளில் தினமும் ஏதாவது ஒரு கலகம். அப்போதுதான் மயிலாப்பூரில் ஒரு மாதர் சங்கத்தில், குடும்பங்களில் சண்டை வந்தால் எப்படிப் பேசித் தீர்ப்பது என்று வகுப்பு நடத்தப்போவதாகவும், பேட்டைக்கு ஒருத்தி வந்தால் நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு மத்தியானம், ஆறு மாசம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு டிராம் ஏறினேன். படிக்கப் போனேன் என்று நினைத்துவிடாதே. எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் போனேன். அவ்வளவு திமிர்.

பாடம் எடுத்தவள் பம்பாயில் சமூக சேவை படித்துவிட்டு வந்த பெண். எனக்கு மகள் வயசுதான் இருக்கும், ஆனாலும் எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டோம். முதல் மாசம் முழுக்கக் காகிதத்தில் எழுதிக்கொள்ளும் பாடம். சண்டை என்பது புருஷனுக்குள்ளும் இல்லை, பெண்டாட்டிக்குள்ளும் இல்லை, இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் யார்மேல் தப்பு என்று தேடாதீர்கள், இவர் என்ன செய்தால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்றாள். இரண்டு பேருக்கு நடுவில் தாங்கமுடியாத சங்கடம் வரும்போது மூன்றாவதாக ஒருவரை இழுத்து நடுவில் வைத்துக்கொள்வார்கள், மாமியாரோ குழந்தையோ பக்கத்து வீட்டுக்காரியோ யாரோ ஒருவர், அதனால் அப்போதைக்குச் சங்கடம் தணியும், ஆனால் அவர்கள் நேருக்கு நேர் பேசக் கற்றுக்கொள்ளவே மாட்டார்கள் என்றாள். நான் எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டேன். அது என்னைப் பற்றிய பாடம் என்பது புரியவில்லை.

இரண்டாவது மாசம் செய்துபார்க்கும் பாடம் வந்தது. இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டியாக எதிரெதிரே உட்காரவேண்டும், மூன்றாவது ஆள் நடுவில். ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே நடுவில் இருப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டு, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்கவேண்டும். அவர் ஆமாம் என்ற பிறகுதான் மற்றவர் பதில் பேசலாம். இவ்வளவுதான் வேலை. நடுவில் என்னை உட்காரவைத்தாள். பெண்டாட்டியாக நடித்தது வடக்கு மாட வீதி மாமி ஒருத்தி. அவள், "நேக்கு இந்தாத்துல மூச்சு முட்றது. ஒரு நாள் எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பிடுவேன்" என்றாள். நான் புருஷன் பக்கம் திரும்பி, "அவங்களுக்குக் கொஞ்சம் அசதியா இருக்காம்" என்றேன். வகுப்பே சிரித்தது. மாமி, "அசதின்னு நான் எப்போ சொன்னேன்?" என்றாள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னாள். இரண்டாவது முறை, "கொஞ்சம் ஓய்வு கேக்கறாங்க" என்றேன். மூன்றாவது முறையும் மூச்சு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "நீங்க சொல்றது கேக்க ரொம்ப இதமா இருக்கு. ஆனா அவங்க சொன்னது எங்கே போச்சு?" என்று டீச்சரம்மா கேட்டாள். குத்திக்காட்டுகிற மாதிரி அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அடுத்த வாரம் பலகையில் அவரவர் வீட்டை வரையச் சொன்னாள். வீட்டில் உள்ளவர்களைப் புள்ளியாக வைத்து, நேரடியாகப் பேசிக்கொள்கிறவர்களுக்கு நடுவில் மட்டும் கோடு போடவேண்டும். நான் உன் அத்தா இருந்த காலத்து வீட்டைப் போட்டேன். அவர், நீ, உன் அக்கா, நான். எல்லாக் கோடும் என்னிடம்தான் வந்தது. உங்கள் மூவருக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை. அதைப் பார்த்த முதல் நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு நீ பம்பாய் போன நாள் ஞாபகம் வந்து, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அதை இப்போது சொல்லிவிடுகிறேன். பம்பாய் வேலைக்குப் போகட்டுமா என்று அத்தாவிடம் கேட்கச் சொல்லி என்னை அனுப்பினாய். உள்ளே போய்க் கேட்டேன். அவர் சொன்னது இது: "அவன் போனா இந்த வூடு வெறிச்சுனு பூடும். போவ வேணாம்னு சொல்லேன். நான் சொன்னா கோச்சுக்குவான்." நான் வெளியே வந்து உன்னிடம், "அத்தா சரின்னுட்டாரு" என்றேன். உன் ஆசை கெடக்கூடாது, அவருக்கும் தோற்றுப்போன மாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்தேன். நீ புறப்பட்டபோது அவர் ஸ்டேஷனுக்கு வரவில்லை. மறு வருஷம் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, "நான் போனது அத்தாவுக்கு ஒரு பொருட்டாவே இல்லல்லம்மா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அப்படியெல்லாம் இல்லப்பா" என்று மழுப்பிவிட்டு உனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். என்னை மன்னிக்க உனக்குக் கொஞ்ச நாள் ஆகும். ஆகட்டும்.

வகுப்புக் காகிதங்கள் உதிரியாகச் சேர்ந்துவிட்டன. பைண்டு போடலாம் என்று பெரிய பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருக்கும் காதரிடம் கொண்டுபோனேன். காதருக்கும் அவன் பெண்டாட்டி மைமூனுக்கும் வந்த வழக்கு நம் வீட்டில் நடந்தபோது நீ பள்ளிக்கூடப் பையன். குழந்தை இறந்து மூன்று மாசமாகப் புருஷன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மைமூன் தாய்வீடு போயிருந்தாள். அன்று திரைக்குப் பின்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேணாம். அவர எதிர்ல உக்கார வச்சு, ஒரு தபா என் மொகத்தப் பாத்துப் பேசச் சொல்லுங்க. திட்டனாலும் செரி." ஒரு பெண் இப்படிக் கேட்டாள் என்று நாலு ஆண்கள் முன்னால் போய்ச் சொல்ல எனக்குக் கூசியது. வெளியே வந்து, "அவ ஒண்ணும் கேக்கல, திரும்பி வரச் சம்மதம்" என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அந்த வழக்கை நான் எல்லோருக்கும் உதாரணமாகச் சொல்லிவந்தேன்.

காதர் பசை தடவிக்கொண்டே, இது என்ன காகிதம் என்று கேட்டான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதைப் பற்றிய பாடம் என்றேன். கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான். பிறகு என்னைப் பார்க்காமல், "அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவ ஒண்ணுமே கேக்கலன்னீங்களே, நெசமாவே ஒண்ணும் கேக்கலயா?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். "கொழந்திக்கு ஜொரம் வந்தப்போ ஒடனே டாக்டராண்ட போலாம்னா. நான்தான் காலைல பாத்துக்கலாம்னேன். அத்தொட்டு அவ மொகத்தப் பாக்க முடியல. அவளா ஒரு வார்த்த கேட்டா எல்லாத்தையும் சொல்லி அழுதுரலாம்னு உக்காந்துகினு இருந்தேன். நீங்க வந்து ஒண்ணும் கேக்கலன்னீங்க. செரி, அவளுக்கு என்கிட்ட கேக்கறதுக்கே ஒண்ணும் இல்லன்னு வுட்டுட்டேன்."

நான் அந்தக் கடையில் நின்றபடியே சொன்னேன். அவள் கேட்டாள் காதர், நான்தான் உன்னிடம் சொல்லவில்லை என்றேன். அவள் கேட்டதை அவள் வார்த்தையிலேயே சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண்ணின் பேச்சை நான் மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன், பத்து வருஷம் கழித்து. காதர் பசைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்து, "தூங்கினு கீறா. எந்திரிக்கட்டும், சொல்றேன்" என்றான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் போய்க் கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து மைமூனே பைண்டு போட்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அவரு குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றாள். படி இறங்குமுன் நின்று, "அன்னிக்கு நான் சொன்னத அப்பிடியே சொல்லியிருந்தீங்கன்னா, பத்து வருசம் மிச்சம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அரிசி விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் புத்தகத்தை நான் இன்றுவரை முழுசாகப் பிரித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு நம் கூடத்து விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டபோது, திரையைக் கழற்றிவிட்டு அவர்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து பேச ஒரு அறை கொடுத்தால் வருகிறேன், அதுவும் வெறுமனே கூட உட்கார வருகிறேன் என்றேன். இரண்டு பெரியவர்கள் முறைத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் சம்மதித்தார். அப்படி ஏழெட்டு வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். பாதி வீடுகளில் அவர்கள் பிரிந்துதான் போனார்கள். இப்போது யாரும் என் நாக்கில் தேன் என்று சொல்வதில்லை.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகுதான், மகனே, உன் விஷயத்தில் நான் அதையே செய்தேன். இதை எழுதத்தான் ஒன்பது நாள் ஆயிற்று. போன பெருநாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். நீ உன் சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருந்தாய். ஸபியா என்னோடு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்திவிட்டு, "மாமி, என்னால அவர்கிட்ட சொல்ல முடியல, நீங்க சொல்லுங்க" என்று ஒரு விஷயத்தைச் சொன்னாள். உன்னைப் பற்றியது. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. "நீயே சொல்லும்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். வகுப்பில் படித்தது, காதர் கடையில் பட்டது எல்லாம் அந்த நிமிஷம் எங்கே போயிற்றோ. என் பிள்ளையைப் பற்றி இன்னொருத்தி சொன்ன ஒரு குறையை அப்படியே கொண்டுபோய் உன் முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலையில் உனக்கு ஆப்பம் பரிமாறிக்கொண்டே, "அவளுக்கு ஊர் புதுசு, வீட்டு ஏக்கமா இருக்காம்டா" என்றேன். அவள் சொன்னதில் ஏக்கம் என்ற வார்த்தையே இல்லை. நீ சிரித்துவிட்டு, "இவ்ளோதானா? ஊருக்குப் போனதும் ஒரு ரேடியோ வாங்கிடறேன்" என்றாய்.

வாங்கியும் விட்டாய். நல்ல மனசோடுதான் வாங்கினாய், எனக்குத் தெரியும். ஆனால் அவள் பக்கத்திலிருந்து பார். மாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள், இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார், கேட்டுவிட்டு ஒரு ரேடியோவைக் கொண்டுவந்து வைக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நாலு மாசம் அந்த ரேடியோவோடு இருந்துவிட்டுத்தான் அவள் மயிலாப்பூருக்கு வந்தாள். உன் காதுக்கே வராத ஒன்றுக்கு நீ பதில் சொன்னதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நீயோ ஒரு காரணமும் இல்லாமல் அவள் போய்விட்டதாக நினைக்கிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

நேற்று கச்சேரி ரோடு போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உனக்காகப் பேசப் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு வந்தபோது அவள் சொன்னதை நான் உன்னிடம் சொல்லவில்லை, ஏக்கம் என்று மாற்றிச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். அவள் தாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு ஸபியா பேசினாள், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அவள் என்ன பேசினாள் என்று எழுதமாட்டேன். தேங்காய் துருவிக்கொண்டு அன்று சொன்னது என்ன என்பதையும் எழுதமாட்டேன். அதை நீ அவள் வாயால்தான் கேட்கவேண்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும். பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் போகாதே, வேலையைப் பற்றிப் பேசாதே, எதையாவது வாங்கித் தருகிறேன் என்று சொல்லாதே. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, இதுதானே சொன்னாய் என்று கேள். அவள் ஆமாம் என்ற பிறகு உன் பேச்சைப் பேசு. அதற்குப் பிறகும் அவள் வரமாட்டேன் என்றால் வரமாட்டாள். அதை நான் சரிசெய்து தரமுடியாது, தரவும் மாட்டேன்.

லீவு எழுதிப் போட்டுவிட்டுப் புறப்பட்டு வா. உள்ளறையைக் கூட்டிப் பாய் போட்டு வைக்கிறேன். திரையைக் கழற்றிச் சலவைக்குப் போட்டாயிற்று, திரும்ப மாட்டப்போவதில்லை. அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் உட்கார்ந்ததும் நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவேன். அடுப்படியில்கூட இருக்கமாட்டேன். இருந்தால் என் காது சும்மா இருக்காது.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதினேன். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. ஒரு வரி கூட்டவில்லை, ஒரு வரி குறைக்கவில்லை. உங்கள் கையில் இரண்டும் சேரும்போது வேண்டுமானால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று என் தப்பைச் சொல்லி முடித்ததும் அவள் முதலில் கேட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் அனுமதி வாங்கி இங்கே எழுதுகிறேன். நான் எதையும் மாற்றவில்லை.

"அப்ப அவருக்கு இன்னும் தெரியவே தெரியாதா மாமி?"

உன் அம்மா